இடது பக்கம் ஒருக்களித்துப் படு

டவுன் பஸ் நின்றதும் சகாயராணி தகரப் பெட்டியோடு இறங்கிவிட்டாள். அவள் அம்மா ஆரோக்கியம்மாள் மட்டும் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அந்த வாசப்படிய இனிமே மிதிக்கறதில்லன்னு சொன்னனா இல்லியா?"

"நீ மிதிக்க வேணாம்மா. நான் மிதிச்சிக்கறன்."

"ஒலகத்துல வேற காலேஜே இல்லியாடி உனக்கு?"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. புழுதி அடங்கியபோது எதிரே அந்தக் கட்டடம் தெரிந்தது.

நல்லம்பள்ளியைத் தாண்டி, சேலம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, புளியமரங்களுக்குப் பின்னால் பதுங்கியது போல நின்ற பழைய மாடிக் கட்டடம். 'நர்சிங் கல்லூரி' என்று புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். ஆனால் சுவரில் வெள்ளையடித்த இடத்துக்கு அடியிலிருந்து 'ஆஸ்பத்திரி' என்ற பழைய சிவப்பு எழுத்து கசிந்து வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் உறுப்புகளைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. தூரத்தில் தொப்பூர்க் கணவாயை நோக்கி லாரிகள் உறுமிக்கொண்டு போயின.

முன்கூடத்துத் தூண் இன்னும் அப்படியே இருந்தது. அந்தத் தூணில் சாய்ந்துதான் அவளுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தே இருந்தாள்.

அக்கா பெயர் அமலோற்பவம். வீட்டில் அமலி. வாய்த்துடுக்குக்காரி. ஏரியூர்ப் பக்கம் பிறந்து, நல்லம்பள்ளிப் பக்கத்து ஊர் ஞானராஜுக்கு வாழ்க்கைப்பட்டவள். மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் ஆண்களோடு சரிக்குச் சரி மூட்டை தூக்கியவள், வயிற்றில் பிள்ளை வந்தபின் நாலடி நடக்கவே மூச்சிரைத்தாள். இங்கேதான் திரும்பத் திரும்ப அழைத்து வந்தார்கள். டாக்டர் மாதவராஜ் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்டெதஸ்கோப் அவர் கழுத்தில் மாலை மாதிரி தொங்கியது. அதைக் கழற்றவே இல்லை.

"மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும். கேஸ் ட்ரபிள். சோத்தக் கொறை. அடுத்தது யாரு?"

ஏழாம் மாதம் அமலி இந்த முன்கூடத்திலேயே நுரை கக்கிச் செத்தாள். நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. பிள்ளையும் வயிற்றுக்குள்ளேயே போனது. சட்டப்படி அறுத்துப் பார்த்துத்தான் தர வேண்டும் என்றார்கள். சாக்கு தைக்கிற மாதிரி நெஞ்சைத் தைத்துக் கொடுத்தார்கள். யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாத குடும்பம் அப்படியே கொண்டுபோய்ப் புதைத்தது.

அப்போது சகாயராணி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஆனால் அக்காவின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்ற கேள்வி அவளைத் தூங்க விடவில்லை. இந்தக் கட்டடம் கல்லூரியாகிவிட்டது, அதே டாக்டரே பாடமும் எடுக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று முடிவு செய்தாள். எவன் காரணம் சொல்லாமல் அனுப்பினானோ அவன் வாயாலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

சேர்க்கையின்போது மாதவராஜ் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது.

அதைவிட எரிச்சல் என்னவென்றால், அவர் அருமையாகப் பாடம் நடத்தினார்.

"நாலு ரூம் இருக்கற வூடுன்னு வெச்சிக்குங்க," என்பார், ரொம்பப் பரிவான குரலில். "நாலு வால்வு, அதாவது கதவு. ஒரு பக்கம்தான் தொறக்கும். லப்புன்னா உள்கதவு ரெண்டும் சாத்துது. டப்புன்னா வெளிக்கதவு ரெண்டும் சாத்துது. நம்ம காதுல விழறது கதவு சாத்தற சத்தம்மா. அவ்ளோதான் இதயம்."

அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிர்மலாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள் சகாயராணி. லப், டப். லப், டப். சுத்தமான, பிசிறில்லாத சத்தம். இவ்வளவு எளிதாகக் கேட்கக் கூடியதா இது? இதற்கா அந்த மனுஷனுக்கு நேரமில்லாமல் போனது? காதிலிருந்து குழாயைப் பிடுங்கி எடுத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"என்னாச்சுடி?" என்றாள் நிர்மலா.

"ஒண்ணுமில்ல. உனக்கு நல்லா இருக்குது."

அடுத்த வாரம் கசாப்புக் கடையிலிருந்து ஆட்டு இதயங்கள் வாங்கி வந்து, கீழ்த்தளத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அறுக்க வைத்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் டியூப்லைட்தான். பானுமதி மிஸ் மாணவிகளை வாசல் வரைக்கும் கூட்டி வந்துவிட்டு, உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுகொண்டார். அவர் இங்கே ஆஸ்பத்திரி இருந்த காலத்து நர்ஸ். ஒரு நாளும் அவர் அந்த அறைக்குள் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை.

சகாயராணி ஆட்டு இதயத்தின் இடது பக்கத்தைப் பிளந்தாள். உள்ளே வெங்காயத் தோல் மாதிரி இரண்டு மெல்லிய இதழ்கள். அவற்றை இழுத்துப் பிடிக்கும் வெள்ளை நார்கள். விரலை விட்டால் கதவு வழிவிட்டது. எடுத்தால் மூடிக்கொண்டது.

"அதே கதவு கெட்டுப்போனா எப்படி இருக்கும் பாருங்க," என்று மாதவராஜ் அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தார்.

மங்கிய திரவத்தில் ஒரு மனித இதயம் மிதந்தது. அதைப் பிளந்து விரித்து வைத்திருந்தார்கள். அதன் கதவு தடித்து, சுருங்கி, சட்டைப் பித்தான் துளை அளவுக்குக் குறுகியிருந்தது.

"சின்ன வயசுல தொண்டை வலி வரும், காய்ச்சல் வரும், மூட்டு மூட்டா வீங்கும். நாம கண்டுக்க மாட்டோம். அது உள்ள போயி இந்தக் கதவைத் தின்னுடும். பொண்ணு மாசமானா இரத்தம் கூடும். இந்த ஓட்டையில போகாது. நுரையீரல்ல தேங்கிடும். படுக்க முடியாது. நுரை கக்கும்."

சகாயராணியின் கத்தி கையிலிருந்து நழுவியது. சின்ன வயதில் அமலி முட்டி வீங்கி, மாசக்கணக்கில் நடக்காமல் கிடந்தது ஞாபகம் வந்தது.

"இது ஏதுங்க சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"நம்ம ஆஸ்பத்திரி கேஸ்தான்மா. இங்க பக்கத்து ஊர்ப் பொண்ணு. கொரோனாவுக்கு முந்தின வருஷம். ஏழு மாசம். நானே எடுத்தன். இந்த மாதிரி ஸ்பெசிமன் பெரிய காலேஜ்லகூடக் கெடைக்காது." அவர் ஜாடியைப் பெருமையாகத் தட்டினார்.

வாசலில் நின்ற பானுமதி மிஸ் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜாடி கை மாறிக் கை மாறி வந்தது. கடைசியில் சகாயராணியின் கைக்கு வந்தது. கண்ணாடி சில்லென்று இருக்கும் என்று நினைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. வானம் கறுத்து, சாப்பாட்டு நேரத்திலேயே கட்டடம் இருண்டுவிட்டது. எல்லோரும் மெஸ்ஸில் இருந்தார்கள். சகாயராணி தனியாகக் கீழே இறங்கினாள். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. முழுசாகப் புதைக்கவில்லை, முழுசாகப் புதைக்கவில்லை என்று மட்டும் மனது அடித்துக்கொண்டது.

அலமாரி திறந்திருந்தது. ஜாடி மேஜையில் இருந்தது. முந்தின நாள் டாக்டர் அதைத் திரும்ப உள்ளே வைத்ததை அவள் பார்த்திருந்தாள்.

டியூப்லைட் சிமிட்டியது. ஃபார்மலின் வாடையோடு இன்னொரு வாடை வந்தது. வெட்டிப் போட்ட குச்சிக்கிழங்கின் பால் வாடை. அமலி சாயங்காலம் காட்டிலிருந்து வரும்போது அவளோடு கூடவே வருகிற வாடை.

"அக்கா," என்றாள் மெதுவாக.

மழைச் சத்தம்தான் கேட்டது.

கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். அதன் வில்லையைக் கண்ணாடிமேல் வைத்தாள்.

ஒன்றுமில்லை.

எடுக்கப் போனாள்.

லப்.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டப்.

அதற்குப் பின்னால், பாறையை யாரோ இழுப்பது போல, ஆழத்திலிருந்து ஓர் உறுமல். டர்ர்ர்ர். குறுகிய துளையில் தன்னைப் பிதுக்கிக்கொண்டு போக முட்டி மோதும் இரத்தத்தின் சத்தம். லப், டப், டர்ர்ர்ர். ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் கூடியது. அதில் அழுகை இல்லை. கெஞ்சல் இல்லை. சண்டைக்கு நிற்கிறபோது அமலி மூக்கு விடைக்க மூச்சு விடுவாளே, அந்த மூச்சு அது.

ஜாடிக்குள் திரவம் தளும்பிக்கொண்டிருந்தது. மேஜை அசையவில்லை.

சகாயராணி படியேறி ஓடினாள். ஓடும்போது பயம் பாதிதான் இருந்தது. மீதி பாதிக்கு வேறு பெயர். மேலே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பானுமதி மிஸ் எதிரே நின்றார்.

"கேட்டுட்டியா?" என்று மிஸ் கிசுகிசுத்தார்.

"உங்களுக்குத் தெரியுங்களா மிஸ்?"

"எனக்கு அந்த ரூம்ல வெறுங்காதுலயே கேக்கும். அன்னிக்கு நான்தான் டியூட்டி. படுக்கவே முடியலீங்க டாக்டர், ஒரு வாட்டி வெச்சுப் பாருங்கன்னு சொன்னன். வேலையப் பாருன்னாரு." மிஸ் அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ அவளுக்கு என்ன ஆவணும்?"

"தங்கச்சிங்க மிஸ்."

மிஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் செய்முறை வகுப்பு. மாதவராஜ் புதிதாக ஒரு கருவி வாங்கி வந்திருந்தார். ஸ்டெதஸ்கோப்போடு ஒலிபெருக்கி சேர்ந்தது. நெஞ்சில் வைத்தால் வகுப்பு முழுவதும் கேட்குமாம். ஆய்வுக்கூடத்து மேஜையில் நிர்மலாவைப் படுக்க வைத்தார். மாணவிகள் சுற்றி நின்றார்கள். வெளியே மழை விடவில்லை.

"மொதல்ல நார்மல் சத்தம் எப்படி இருக்குதுன்னு கேளுங்க."

வில்லையை வைத்தார். ஒலிபெருக்கி கரகரத்தது.

லப். டப். டர்ர்ர்ர்.

டாக்டரின் புருவம் சுருங்கியது. "நிர்மலா, உனக்கு எப்பவாவது மூட்டு வீங்கியிருக்குதா?"

"இல்லீங்க சார். எனக்கு நல்லாத்தான் இருக்குதுங்க."

"இல்லம்மா, இது கதவு சுருங்கின சத்தம். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படு." அவள் திரும்பிப் படுத்தாள். உறுமல் இன்னும் கனத்தது. டாக்டர் தலையசைத்தார். "கேளுங்க எல்லாரும். சந்தேகமே இல்ல. இப்படிப் படுக்க வெச்சு ஒரு நிமிஷம் காது குடுத்தா போதும். முதல் வருஷப் பசங்களே கண்டுபிடிச்சிடலாம்."

சகாயராணியின் காதில் அந்தக் கடைசி வார்த்தைகள் ஈயம் போல இறங்கின.

நிர்மலா அழ ஆரம்பித்தாள். டாக்டர் சரிபார்க்க வேறொருத்தியின் நெஞ்சில் வைத்தார்.

லப். டப். டர்ர்ர்ர்.

இன்னொருத்தி. அதே சத்தம்.

தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டார். அதே சத்தம்.

"மெஷின் ரிப்பேரு," என்று சிரிக்கப் பார்த்தார். வில்லையை மேஜையில் வைத்தார்.

மரம் துடித்தது.

சுவரில் வைத்தார். சுவர் துடித்தது. அப்போது அந்தச் சத்தத்தின் ஊடே இன்னொரு சத்தம் கேட்டது. சின்னது. ரொம்ப வேகமானது. ஓடி ஓடிக் களைத்துப்போன சின்னஞ்சிறு கால்களின் சத்தம் போல.

வாசலில் பானுமதி மிஸ் ஓவென்று கத்தினார். எத்தனையோ பிரசவம் பார்த்தவர் அவர். அது என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியும்.

மாதவராஜ் ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை. கரண்ட் போனது. நிற்கவில்லை. மாணவிகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு படியேறி ஓடினார்கள். வாசல் வழியாக வந்த மங்கிய வெளிச்சத்தில் டாக்டரும் சகாயராணியும் மட்டும் எதிரெதிரே நின்றார்கள். நடுவில் ஜாடி.

"அப்ப எங்கக்காவுக்கு ஏன் வெக்கல?" என்றாள்.

"யாரு... யாரு உங்கக்கா?"

"முதல் வருஷப் பசங்களே கண்டுபிடிச்சிடலாம்னீங்களே. கழுத்துலதான தொங்குச்சு? ஒரு நிமிஷம்தான? எத்தன வாட்டி வந்தா? ஏன் வெக்கல?"

"நான் எவ்வளவோ பேரப் பாக்கறன்மா. ஒவ்வொருத்தரா ஞாபகம் வெச்சிருக்க முடியுமா?"

சத்தம் சட்டென்று நின்றது.

கிழங்குப் பால் வாடை அறை முழுவதும் நிறைந்தது. யாரோ நடக்கிற ஓசை இல்லை. ஆனால் யாரோ சகாயராணியைத் தாண்டிப் போனார்கள். தோளில் இடித்துக்கொண்டு போனார்கள். எப்போதும் அப்படித்தான் போவாள் அமலி.

மாதவராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மூச்சை இழுத்தார். உள்ளே போகவில்லை. மேஜையைப் பிடித்து முன்னால் குனிந்தார். வாயோரத்தில் நுரை வந்தது. இளஞ்சிவப்பு நுரை.

"பாரு..." என்று இழுத்தார். "வெச்சுப் பாரு..."

அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. கால்கூடத் திரும்பியது. ஆனால் அக்கா செத்த அன்று அவள் தனக்குள் ஒரு சத்தியம் செய்திருந்தாள். மூச்சு முட்டுகிறது என்று யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்காமல் அனுப்ப மாட்டேன் என்று. பகையாளிக்கு ஒரு விதிவிலக்கு வைக்க அப்போது தோன்றவில்லை.

அவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். நெஞ்சில் வைத்தாள். பொறுமையாகக் கேட்டாள். இடம் மாற்றி வைத்தும் கேட்டாள். அவர் கற்றுக்கொடுத்த முறையிலேயே.

லப், டப். லப், டப்.

சுத்தமாக இருந்தது. பிசிறே இல்லை. இவ்வளவு நல்ல இதயத்தை அவள் இதுவரை கேட்டதில்லை. அந்த இதயத்துக்கு மேலே ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவித்து நீலம் பாரித்துக்கொண்டிருந்தான்.

குழாயைக் கழற்றினாள்.

"உங்க நெஞ்சுல ஒண்ணுமில்லீங்க சார்," என்றாள். "கேஸா இருக்கும்."

ஜாடியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். பானுமதி மிஸ் வழியில் நின்றார். தடுக்கவில்லை. தன் சேலைக்கு மேலே போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஜாடிமேல் போர்த்தினார். "மழைல நனையாம எடுத்துட்டுப் போ," என்றார். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

அன்று சாயங்காலம் ஞானராஜ் கல்லறையைத் தோண்டினான். மண்வெட்டியை மண்ணில் இறக்கிய வேகத்தில் அவன் பேச வேண்டியது எல்லாம் இருந்தது. ஆரோக்கியம்மாள் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எம்பொண்ண முழுசாக்கூட அனுப்பலியே அந்தப் பாவி," என்றாள் ஒரே ஒரு தடவை. பிறகு இதயத்தைத் தன் பழைய சேலைத் துணியில் பொதிந்து, தன் கையாலேயே குழிக்குள் வைத்தாள்.

மாதவராஜ் சாகவில்லை. தர்மபுரியில் பார்த்தார்கள், சேலத்தில் பார்த்தார்கள், பெங்களூருக்கும் கொண்டுபோனார்கள். எல்லா மெஷினிலும் படுக்க வைத்துப் பார்த்தும் ஒரு குறையும் தெரியவில்லை. மனசுக் கோளாறாக இருக்கும், வாயுவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, யார் வந்தாலும் நெஞ்சைக் காட்டி, "கொஞ்சம் வெச்சுப் பாருங்க" என்று கெஞ்சினார். வருகிறவர்கள் சரி சரி என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கல்லூரி மூடிக்கிடந்தது. சகாயராணிக்கும் நிர்மலாவுக்கும் வேறு கல்லூரியில் இடம் கிடைத்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. பொழுது சாயும் நேரம். ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. செவந்திப்பூவும் ஊதுபத்தியும் மணந்தன. பங்குச் சாமியார் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வரிசையாக வந்தார். காற்று இல்லை. நூற்றுக்கணக்கான மெழுகுவத்திச் சுடர்கள் கோடு கிழித்த மாதிரி நேராக நின்றன.

ஆரோக்கியம்மாள் அமலியின் கல்லறையில் மெழுகுவத்தியை ஏற்றினாள்.

சுடர் குனிந்தது. நிமிர்ந்தது. கொஞ்சம் நடுங்கியது. மறுபடி குனிந்தது. நிமிர்ந்தது. நடுங்கியது.

லப், டப், டர்ர்ர்ர். சகாயராணிக்கு அந்தத் தாளம் தெரியும்.

"அதான் முழுசா குடுத்துட்டமே அக்கா," என்றாள் மெல்ல. "இன்னுமா?"

அம்மா அவளுடைய முழங்கையை இறுகப் பிடித்தாள். "அங்க பாரு."

நாலு கல்லறை தள்ளி ஒரு சுடர் குனிந்து நிமிர்ந்தது. பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்து, மூச்சு முட்டுகிறது என்று சொல்லியும் யாரும் காது கொடுக்காமல் செத்துப்போன ஒரு பெண்ணின் கல்லறை அது. அதற்கப்பால் இன்னொன்று. வேலி ஓரத்தில் ஒன்று. புது மண் போட்ட கல்லறையில் ஒன்று. மற்ற சுடர்களெல்லாம் ஆடாமல் அசையாமல் நிற்க, இங்கொன்றும் அங்கொன்றுமாக அவை மட்டும், எல்லாம் ஒரே தாளத்தில், குனிந்து, நிமிர்ந்து, நடுங்கத் தொடங்கின.

சாமியார் மந்திரிப்பதை நிறுத்திவிட்டார்.

காலுக்கடியில் தரை மெதுவாக உறுமியது.